வாராத எதிர்காலமும் இசை தரும் இன்பமும்

கலை மனிதனுக்கு இன்பந் தருகின்றது என்பதை மறுப்பார் இலர். அவ்வின்பத்தின் இயல்பு யாது, அதனை நுகர்பவன் அந்நுகர்ச்சிக்காக எவருக்கேனும் விடை கூறக் கடமைப்பட்டவனா என்னும் வினாக்களே நெடுங்காலமாக வாதத்துக்குரியனவாய் இருந்து வந்துள்ளன. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிலே உவகைக்குச் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என நான்கு நிலைக்களன்களைக் கூறுமிடத்து, அவ்வுவகை அல்லல் நீங்கியது என்னும் குறிப்பையும் உடன் வைத்துள்ளார். பிறர் துன்பத்திற் பிறக்கும் மகிழ்ச்சி உவகை எனக் கொள்ளத்தக்கதன்று என அதற்குப் பொருள் காண்பது பொருந்தும். ஆயின், தனக்கு இன்பந் தரும் பொருளின் பிறப்பிலே எவரது அல்லலேனும் கலந்துள்ளதா என்பதை நுகர்வோன் எவ்வாறு அறிவது? அறிந்த பின்னர் அவ்வின்பத்தை அவன் என் செய்வது? இவ்வினாக்களை அண்மையில் வெளிவந்த பொப் இசைத்தட்டு ஒன்றை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படும் இசைத்தட்டு, ஸ்டீரியோலாப் என்னும் குழுவினர் 2025 ஆம் ஆண்டு மே மாதம் 23 ஆந் திகதி வெளியிட்ட ‘இன்ஸ்டன்ட் ஹொலோகிராம்ஸ் ஒன் மெட்டல் பிலிம்’ என்பதாகும். இக்குழு 1990 இல் லண்டனிலே தோன்றியது. இடதுசாரிக் கருத்துக்களைப் பாடிவந்த மக்கார்த்தி என்னும் குழுவில் கிற்றார் இசைத்த டிம் கேன் என்பவரும், பிரான்சு நாட்டினரான லெட்டீசியா சாடியே என்பவரும் இதனைத் தொடங்கினர். குழுவின் பெயரே ஒரு வரலாற்றைத் தாங்கி நிற்கின்றது. இரு வழி ஒலிப்பதிவு புதுமையாய் இருந்த காலத்தில், அதன் ஆற்றலை மக்களுக்குக் காட்டுவதற்கென அமெரிக்காவின் வன்கார்ட் இசைத்தட்டு நிறுவனம் நடத்திய பிரிவின் பெயர் அது. ஒரு காலத்தில் நாளைய உலகின் விளம்பரமாய் விளங்கிய பெயரை, அந்த நாளை பழங்கதையாகிவிட்ட பின்னர் இவர்கள் எடுத்துச் சூடிக்கொண்டனர். 2009 இல் ஓய்ந்து, 2019 இல் மேடைக்கு மீண்ட இக்குழுவினர், 2010 இல் வெளிவந்த ‘நொட் மியூசிக்’ என்னும் தட்டுக்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்தே புதிய தட்டொன்றைத் தந்துள்ளனர்.

இவர்களது இசையின் அமைப்பு எளிதில் விளக்கக்கூடியது. மாறாத வேகத்தில் முன்னோக்கிச் செல்லும் முரசின் தாளம் அடித்தளமாய் அமைகின்றது. அதன் மேல் 1960களையும் 1970களையுஞ் சேர்ந்த பழைய மின்னோர்கன்களும், மோக் போன்ற சிந்தசைசர்களும் ஒன்றிரண்டு சுரக்கோவைகளை மீண்டும் மீண்டும் இசைக்கின்றன. அவற்றினிடையே ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பாடும் பெண் குரல், உணர்ச்சியை மிகைப்படுத்தாது, ஒரு செய்தியை நிதானமாய்க் கூறுவது போல ஒலிக்கின்றது. மற்றொரு குரல் அதற்கு விடையிறுப்பது போல உடன் பின்னிச் செல்லும். பாடல்களின் பொருளோ காதலும் பிரிவும் பற்றியதன்று. 1994 இல் வெளிவந்த ‘பிங் பொங்’ என்னும் பாடல், பொருளாதார வீழ்ச்சியும் போரும் மீட்சியும் மாறி மாறி வரும் முதலாளித்துவச் சுழற்சியை, சிறுவர் பாட்டுப் போன்ற துள்ளல் மெட்டில் எள்ளி நகையாடியது. புதிய தட்டிலும் இப்பண்பு குன்றவில்லை. ‘ஏரியல் டிரபிள்ஸ்’ என்னும் பாடல் நுகர்வு வேட்கையின் நிரப்பவியலாத பள்ளத்தைப் பேசுகின்றது. ‘மெலடி இஸ் எ வூண்ட்’ என்னும் பாடல் அதிகாரத்தின் கையில் உண்மை நெரிபடுவதைப் பேசுகின்றது. கேட்போரின் கால்களோ இவற்றுக்குத் தாளமிடுகின்றன. பொருளின் கடுமையும் ஒலியின் இனிமையும் இவ்வாறு ஒன்றுசேர்வதிலேயே முதற் சிக்கல் தோன்றுகின்றது.

இவ்விசையைக் கேட்போர் உணரும் இன்பம் ஒரு தனி வகையைச் சேர்ந்தது. முன்னோர் கண்ட எதிர்காலத்தைப் பின்னோர் நினைவுகூரும் இன்பம் அது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எதிர்காலம் பற்றிய நம்பிக்கை ஓர் ஒலியையும் ஒரு வடிவத்தையும் பெற்றிருந்தது. 1958 இல் பிரசெல்ஸ் நகரிலே நடைபெற்ற உலகக் கண்காட்சியில், இரும்பின் படிக அலகு ஒன்று 16,500 கோடி மடங்கு பெருக்கப்பட்டு, 102 மீற்றர் உயரமும் ஒன்பது கோளங்களுங் கொண்ட அற்றோமியமாக எழுந்து நின்றது. அதே கண்காட்சியில், லெ கொர்பூசியேயின் பணிமனையிலிருந்து செனாக்கிஸ் வடிவமைத்துக் கொடுத்த பிலிப்ஸ் மண்டபத்திலே, எட்கார் வரேஸ் ஆக்கிய மின்னணு இசை நூற்றுக்கணக்கான ஒலிபெருக்கிகளின் வழியே ஒலித்தது. 1964 இல் ரொபேட் மோக் தமது சிந்தசைசரின் முதல் வடிவத்தை மக்கள் முன் வைத்தார். 1972 இல் ஜேர்மனியின் நோய் என்னும் குழுவும், 1974 இல் ‘அவுட்டோபான்’ தட்டின் வாயிலாகக் கிராப்ட்வேர்க் குழுவும், நெடுஞ்சாலையில் தடையின்றி விரையும் ஊர்தியை ஒத்த இசையைப் படைத்தன. ஸ்டீரியோலாப் குழுவினர் தம் தாளத்தை நோய் குழுவினரிடமிருந்து பெற்றனர் என்பது வெளிப்படை.

அக்காலம் உறுதிகூறிய எதிர்காலம் யாது? இயந்திரம் உழைக்க மனிதன் ஓய்ந்திருப்பான் என்பதே அதன் சாரம். அதற்கும் முன்னரே, 1930 இல், பொருளியலறிஞர் கெயின்ஸ் நூறாண்டுக் காலத்தில் மனிதனுக்கு வாரத்திற் பதினைந்து மணிநேர உழைப்பே போதுமானதாகிவிடும் என எழுதினார். அவர் குறித்த காலவெல்லை 2030 ஆம் ஆண்டுடன் முடிவுறுகின்றது. இயந்திரங்கள் அவர் எண்ணியதிலும் விரைவாக வளர்ந்தன. ஓய்வு வந்து சேரவில்லை. கணனி மனிதனை விடுவிப்பதற்கு மாறாக, அவனது உறக்கம் ஒழிந்த நேரம் முழுவதையும் வேலைக்குரியதாக்கும் கருவியாகப் பல விடத்துப் பயன்படுகின்றது. இந்நிலையிலே, ஓய்வும் நிறமும் ஒளியும் நிறைந்த அந்தப் பழைய நாளையின் ஒலியைக் கேட்டு ஒருவர் மகிழ்வாராயின், அம்மகிழ்ச்சியை எவ்வாறு மதிப்பிடுவது?

இம்மகிழ்ச்சிக்கு எதிராக மூன்று தடைகள் எழுப்பப்படலாம். முதலாவது, 1938 இல் அடோர்னோ எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் வழிவந்தது. வெகுசன இசை பண்டமாகிவிட்டது. கேட்போன் பழகிய துண்டுகளை மீண்டும் இனங்கண்டு மகிழ்கின்றானேயன்றி உண்மையிற் கேட்பதில்லை என்பது அவரது குற்றச்சாட்டு. ஸ்டீரியோலாப்பைப் பொறுத்தவரை இக்குற்றச்சாட்டை இன்னுங் கூர்மையாக்கலாம். முதலாளித்துவத்தைக் கண்டிக்கும் பாடலை ஒருவர் காசு கொடுத்து வாங்கி, வண்ணத் தட்டாக அலமாரியில் அடுக்கி, அது சுழலும்போது தாமும் கண்டனத்திற் பங்குகொண்டதாக நிறைவெய்துகின்றார். செய்ய வேண்டிய கடமையொன்று பாடப்பட்டதனாலேயே செய்யப்பட்டதாகத் தோன்றிவிடுகின்றது.

இரண்டாவது தடை பழமையேக்கம் பற்றியது. சைமன் ரெனோல்ட்ஸ் 2011 இல் வெளியிட்ட ‘ரெட்ரோமேனியா’ என்னும் நூலிலே, பொப் இசை தனது சொந்தக் கடந்தகாலத்துக்கு அடிமையாகிவிட்டதை விரித்துரைத்தார். எதிர்காலத்தைக் கற்பனை செய்யும் ஆற்றலே அற்றுப்போன சமுதாயம், பாட்டன் காலத்து எதிர்காலத்தை எடுத்துத் தூசு தட்டி வைத்துக்கொள்கின்றது என்பது இத்தடையின் சாரமாகும்.

மூன்றாவது தடையே மிகக் கடுமையானது. தொல்காப்பியர் குறித்த அல்லலோடு நேரே தொடர்புடையது. அற்றோமியத்தைக் காண நாலு கோடிக்கு மேற்பட்டோர் வந்துசென்ற அதே பிரசெல்ஸ் கண்காட்சியில், பெல்ஜியத்தின் குடியேற்ற நாடாகிய கொங்கோவிலிருந்து கொண்டுவரப்பட்ட மனிதர், மூங்கில் வேலிக்குப் பின்னே ‘சுதேசக் கிராமம்’ என்னும் பெயரிற் காட்சிப்பொருளாக வைக்கப்பட்டனர். பார்வையாளரின் இழிசெயல்களைப் பொறாது அவர்கள் கண்காட்சி முடியுமுன்னரே நாடு திரும்பினர். அணுவின் பெருமையைப் பறைசாற்ற அற்றோமியம் எழுந்தது. அமெரிக்கா ஆக்கிய முதல் அணுகுண்டுகளுக்கு வேண்டிய யுரேனியத்தின் பெரும்பகுதியோ கொங்கோவின் சின்கோலொப்வே சுரங்கத்திலிருந்து சென்றது. எனவே அந்த ஒளிமிகுந்த நாளை எல்லாருக்கும் உரியதாய் இருக்கவில்லை. ஒருசாரார் கோளங்களுக்குள்ளே ஏறி நின்று எதிர்காலத்தைக் கண்டபோது, இன்னொருசாரார் வேலிக்குள்ளே நின்று கடந்தகாலமாகக் காணப்பட்டனர். அக்காலத்தின் ஒலிகளை இன்று சுவைப்பவர், அவ்வேலியை மறந்து சுவைப்பாராயின் அவ்வுவகை அல்லல் நீங்கியதாகுமா?

இத்தடைகளை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆயினும் அவை மூன்றும் ஓரிடத்திலே தவறுகின்றன. இன்பத்தை ஒரு முடிந்த பொருளாகவும், சுவைஞரை அதனை வாங்கிக்கொள்ளும் கலமாகவும் அவை கொள்கின்றன. அரிஸ்டோட்டில் நிக்கொமாக்கிய அறநூலின் பத்தாம் பகுதியிலே இன்பத்தை ஒரு செயலை நிறைவுறுத்துவதாக விளக்கினார். செயல் எத்தகையதோ இன்பமும் அத்தகையதே. நற்செயலின் இன்பம் நன்று, தீச்செயலின் இன்பம் தீது. இக்கருத்தை ஏற்பின், இசைத்தட்டு குற்றமுடையதா என்னும் வினாவுக்கு முன்னதாக, அதனைக் கேட்கும் செயல் எத்தகையது என்னும் வினாவை எழுப்புதல் வேண்டும். ஒரே தட்டை இருவர் இரு வகையாகக் கேட்கலாம். அவ்விருவர் பெறும் இன்பமும் ஒன்றாகாது.

ஸ்வெட்லானா பொய்ம் 2001 இல் வெளியிட்ட தமது நூலிலே பழமையேக்கத்தை இரண்டாகப் பகுத்தார். இழந்த வீட்டை அப்படியே மீளக் கட்ட முனைவது ஒன்று. இழப்பை இழப்பென உணர்ந்து அதன் இடிபாடுகளிடையே சிந்தித்து நிற்பது மற்றொன்று. இப்பாகுபாடு இங்கு பெரிதும் பயன்படுகின்றது. பழைய நாளையை அணிகலனாகக் கொள்பவர், அதன் வடிவங்களை மட்டும் விரும்புகின்றார். வாக்குறுதியைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. அதனைக் கடனாகக் கொள்பவர், அவ்வடிவங்கள் ஏதோவொன்றை உறுதிகூறின என்பதையும், அவ்வுறுதி நிறைவேற்றப்படவில்லை என்பதையும், அது சிலருக்கு முதலிலேயே மறுக்கப்பட்டது என்பதையும் ஒருங்கே நினைக்கின்றார். கடன் கொடுத்தவன் இறந்துவிட்டான் என்பதனாற் கடன் அழிந்துவிடுவதில்லை. இறந்த தலைமுறையினர் இருப்போர்மீது ஓர் உரிமை கொண்டுள்ளனர் என 1940 இல், தம் வாழ்வின் இறுதியாண்டிலே, வால்ட்டர் பென்யமின் எழுதியதன் பொருளும் இதுவேயாம். ஏர்ன்ஸ்ட் புளொக் ‘நம்பிக்கையின் கோட்பாடு’ என்னும் பெருநூலிலே, கடந்தகாலக் கலைகளில் இன்னும் நிறைவேறாத எதிர்காலம் உறைந்துகிடக்கின்றது எனக் காட்டியதும் இத்தொடர்பில் மனங்கொள்ளத்தக்கது.

ஸ்டீரியோலாப்பின் இசை எவ்வகைக் கேட்டலுக்கு இடங்கொடுக்கின்றது என்பதை இனி நோக்கலாம். நோய் குழுவினரின் தாளம் எங்கிருந்து வந்தது என்பது முதலிற் கவனிக்கத்தக்கது. போர் முடிவை ஒட்டிப் பிறந்த மேற்கு ஜேர்மானிய இளைஞர், தந்தையர் தலைமுறையின் அணிவகுப்பு இசையை ஏற்க முடியாதவராயும், அமெரிக்காவின் ரொக் இசையை வெறுமனே பின்பற்ற விரும்பாதவராயும் இருந்தனர். அவர்கள் கண்ட தாளம் அணிவகுப்பைப் போலச் சீரானது. ஆயினும் அதற்குத் தலைவனும் இல்லை, சென்றடைய வேண்டிய வெற்றியும் இல்லை. எனவே அதனை வளமான காலத்தின் இன்ப ஒலி என்று மட்டும் கொள்ளுதல் பிழையாகும். வெட்கத்திலிருந்து வெளியேற முயன்ற ஒரு தலைமுறையின் நடை அதில் உள்ளது. இதனை அறிந்து கேட்பவருக்கு அதன் இனிமை குறைவதில்லை, ஆழமாகின்றது.

புதிய தட்டிலுள்ள இரு பாடல்களின் தலைப்புக்களும் இவ்வகையில் நோக்கற்பாலன. ஒன்று ‘வெர்மோனா எப் டிரான்சிஸ்டர்’. வெர்மோனா என்பது கிழக்கு ஜேர்மனியிலே செய்யப்பட்ட மின்னிசைக் கருவிகளின் பெயர். சமதருமச் சமுதாயத்தைக் கட்டுவதாகக் கூறி, மக்களை மதிலாலும் ஒற்றராலும் கட்டிவைத்த அந்நாடு 1990 ஒக்டோபர் 3 ஆந் திகதி இல்லாதொழிந்தது. அதே ஆண்டிலேயே ஸ்டீரியோலாப் தோன்றியது. ஒரு கனவு அரசாகித் தோற்ற ஆண்டிலே, அக்கனவின் சொற்களைக் கைவிடாத ஒரு குழு பாடத் தொடங்கியமை தற்செயலாயினும் சிந்தனைக்குரியது. அக்குழு அவ்வரசுக்காக ஏங்கவில்லை. சாடியே தமது மற்றொரு குழுவான மொனாடின் 2003 ஆம் ஆண்டுத் தட்டுக்கு ‘சோசலிஸ்ம் ஊ பார்பரி’ எனப் பெயரிட்டார். அது கோர்னேலியுஸ் கஸ்தோரியாடிஸ் முதலியோர் பிரான்சிலே நடத்திய குழுவினதும் சஞ்சிகையினதும் பெயராகும். சோவியத் அமைப்பை இடதுசாரி நிலைநின்று கடுமையாக விமர்சித்தவர்கள் அவர்கள். தோல்வியின் காரணத்தை ஆராய்ந்துகொண்டே நம்பிக்கையைப் பேணுதல் என்பது இம்மரபின் பண்பு.

மற்றைய தலைப்பு ‘எசெம்பிளாஸ்டிக் கிரீப்பிங் இரப்ஷன்’. எசெம்பிளாஸ்டிக் என்பது கவிஞர் கோல்ரிட்ஜ் ஆக்கிய சொல். பலவற்றை ஒன்றாக உருவாக்கும் கற்பனையாற்றலைக் குறிக்க 1817 இல் வெளிவந்த தமது இலக்கியத் தன்வரலாற்று நூலிலே அவர் அதனைக் கையாண்டார். பழைய துண்டுகளை ஒட்டிவைத்தல் வேறு, அவற்றிலிருந்து ஒரு புதிய முழுமையை உருவாக்குதல் வேறு என்பது அவரது பகுப்பின் அடிப்படை. பிரெஞ்சுப் பாடல், ஜேர்மானியத் தாளம், அமெரிக்காவில் எழுந்த மோக் கருவியின் ஒலி, அரசியற் சிந்தனை ஆகியன இவர்களிடம் ஒன்றாகிப் பிறிதொன்றாய் மாறுகின்றன. எனவே இரண்டாவது தடை, பழையதை வெறுமனே நகல் செய்வோருக்குப் பொருந்துமளவுக்கு இவர்களுக்குப் பொருந்தாது.

வாராத எதிர்காலம் என்பது நாடுகளுக்கும் கொள்கைகளுக்கும் மட்டும் உரியதன்று. இக்குழுவின் இரண்டாவது குரலாய் விளங்கிய அவுஸ்திரேலியப் பெண்மணி மேரி ஹன்சன், 2002 டிசம்பர் 9 ஆந் திகதி, லண்டனிலே சைக்கிளிற் சென்றபோது விபத்தில் இறந்தார். சாடியேயின் குரலும் அவரது குரலும் ஒன்றையொன்று துரத்தியும் தழுவியும் பாடிய முறையே குழுவின் அடையாளமாய் இருந்தது. 2004 ஆம் ஆண்டுத் தட்டினை அவர்கள் அவரது நினைவுக்கு உரியதாக்கினர். புதிய தட்டில் அவ்விடத்திலே பிற குரல்கள் ஒலிக்கின்றன. இரட்டைக் குரலின் அமைப்பு கைவிடப்படவில்லை. இறந்தவரின் குரலைப் போலி செய்யும் முயற்சியும் இல்லை. இழந்ததன் இடத்தை மூடிவிடாது, அவ்விடத்திலே வாழ்வோர் வந்து பாட விடுதல் என்னும் இம்முறை, கடந்தகாலத்தோடு கொள்ளத்தக்க உறவுக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டாகும்.

இனி முதலாவது தடைக்கும் மூன்றாவது தடைக்கும் விடை கூறுதல் வேண்டும். பாடலைக் கேட்டமையாலேயே கடமை நிறைவேறியது எனக் கருதுவது தவறு என்பதில் ஐயமில்லை. அத்தவற்றைத் தவிர்ப்பதற்கு இன்பத்தைத் துறத்தல் வேண்டியதில்லை. இன்பத்துக்குப் புண்ணியம் என்னும் பெயரைச் சூட்டாதிருத்தல் போதுமானது. துள்ளும் மெட்டிலே தலையசைப்பவர் அந்நேரத்திற் போராளி அல்லர், அதனாற் குற்றவாளியுமல்லர். உழைத்துக் களைத்த ஒருவர் மாலைப்பொழுதில் ஒரு மணிநேரம் இசை கேட்டு மகிழ்வது, வாரத்திற் பதினைந்து மணிநேர உழைப்பைக் கனவு கண்டோர் மனிதனுக்கு உரியதென எண்ணிய ஓய்வின் ஒரு சிறு பங்கேயாம். எல்லா மகிழ்ச்சிக்கும் அரசியற் சான்றிதழ் கேட்கும் அறம், எந்த விடுதலைக்காகப் பேசுகின்றதோ அந்த விடுதலையின் பயனையே மறுத்துவிடும்.

கொங்கோ மக்கள் நின்ற வேலியோ இத்துணை எளிதாக விடை காணத்தக்கதன்று. அக்கொடுமையை எந்த இசையும் ஈடுசெய்யாது. கலைஞர்மீது முழுப் பழியையும் சுமத்துவதும் முறையன்று. பிலிப்ஸ் மண்டபத்திலே ஒலித்த இசையினுள் மனித குலத்தின் அவலம் பற்றிய அச்சமும் கலந்திருந்தது. அம்மண்டபம் 1959 இல் இடிக்கப்பட்டது. அற்றோமியம் இன்றும் நிற்கின்றது. கொங்கோ 1960 இல் விடுதலை பெற்றது. இவற்றையெல்லாம் அறிந்த பின்னரும் அக்காலத்தின் ஒலி இனிக்குமாயின், அவ்வினிமையை மறைக்க வேண்டியதில்லை. அதனோடு ஒரு வினாவும் உடன்வருதல் வேண்டும்: இந்த நாளை எவருக்கு மறுக்கப்பட்டது, அடுத்து எழுதப்படும் நாளையிலும் அவர்கள் வேலிக்கு வெளியே நிறுத்தப்படுகின்றனரா? இன்று செயற்கை நுண்ணறிவு பற்றியும் செவ்வாய்க் கோளிற் குடியேறுதல் பற்றியும் கூறப்படும் ஒளிமிகுந்த வாக்குறுதிகளைக் கேட்கும்போது, 1958 ஆம் ஆண்டுக் கண்காட்சியை நினைவில் வைத்திருப்பவர், மின்கல உலோகங்களுக்காகக் கொங்கோவின் மண் இன்றும் தோண்டப்படுவதையும் நினைப்பார். பழைய எதிர்காலத்தின் இசை அத்தகைய நினைவுக்கு ஒரு வாயிலாகலாம்.

எனவே, வாராத எதிர்காலத்தின் இசையைச் சுவைத்தல் தன்னளவில் இழிவுமன்று, பெருமையுமன்று. அது ஒரு மனிதச் செயல். அதன் தரம் கேட்பவரின் கவனத்தைப் பொறுத்தது. உவகை அல்லல் நீங்கியதாய் இருத்தல் வேண்டும் என்னும் நெறியை, அல்லலை அறியாதிருத்தல் எனக் கொள்ளுதல் பொருந்தாது. அறிந்தும் அதனை அலட்சியஞ் செய்யாதிருத்தல் எனக் கொள்ளுதலே தகும். இறந்த தோழியின் இடத்தை மதித்தும், தோற்ற கனவின் காரணத்தை ஆராய்ந்தும், பதினைந்து ஆண்டுகளின் பின் மீண்டும் பாட வந்த ஒரு குழுவின் புதிய தட்டைக் கேட்டு மகிழ்வோர், அம்மகிழ்ச்சியை நாணமின்றி ஏற்றுக்கொள்ளலாம். தட்டு சுழன்று ஓய்ந்த பின்னர், அந்த எதிர்காலம் ஏன் வந்து சேரவில்லை என்று எண்ணிப் பார்ப்பதும் அவர்களுக்கு உரியதேயாம்.